சேவலுக்கும் இறகுக்கும் நடுவே

குத்துச்சண்டை கற்கத் தொடங்கி மூன்று மாதம் நிறைவதற்குள், எப்படிக் குத்துவது என்னும் கேள்வியை ஒதுக்கிவைத்துவிட்டு, எந்த எடையில் நின்று குத்துவது என்னும் கேள்வியில் முழுமூச்சாக இறங்கிவிடும் இளைஞர் ஒரு தனி இனத்தவர் ஆவார். அவருக்கு 'எடைதேடி' என்று பெயரிடலாம். போட்டிக்காக எடை பார்ப்போர் உலகில் பலர் உளர் எனினும், எடை பார்ப்பதற்காகவே போட்டி என்று ஒன்று ஏற்பட்டிருப்பதாகக் கருதுவதே எடைதேடியை ஏனையோரிடமிருந்து பிரித்துக் காட்டும் இலக்கணம்.

இவ்வினம் எங்கும் காணப்படுவதே. ஆயினும் முளா ஆறும் பவனா ஆறும் கூடுமிடத்தில் அமைந்த புனேயின் தாபோடியில் அது செழித்து வளர்வதற்குக் காரணங்கள் உண்டு. ராணுவப் பொறியியல் கல்லூரி தாபோடியிலேயே இருக்கிறது. ஆற்றுக்கு அப்பால் கட்கியில் பம்பாய் சாப்பர்ஸ் படைப்பிரிவின் மையம் இருக்கிறது. நகரின் மறுகோடியில், 2001இல் தொடங்கப்பட்டுக் குத்துச்சண்டை உள்ளிட்ட விளையாட்டுகளுக்கு வீரர்களை உருவாக்கிவரும் ராணுவ விளையாட்டு நிறுவனம் இருக்கிறது. ஆகவே, அதிகாலையில் சாலையோரம் ஓடுபவர் எவரைக் கண்டாலும் அவர் ஒலிம்பிக் பதக்கத்தை நோக்கியே ஓடுகிறார் என்று நம்பும் மரபு இப்பகுதியில் வேரூன்றிவிட்டது. படைத்துறை வேலைகளை நம்பி வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் அம்மரபுக்கு விலக்கல்லர். போதாக்குறைக்கு, மகாராஷ்டிர அரசுப் பேருந்துகளுக்குக் கூண்டு கட்டும் பெரிய பணிமனையும் இவ்வூரிலேயே இருப்பதால், உடல் என்பதும் பலகையைக் கழற்றி வேறு பலகையைப் பூட்டத்தக்க ஒரு கூண்டுதான் என்னும் எண்ணம் எடைதேடிக்கு இளமையிலேயே படிந்துவிடுகிறது.

எடைப்பிரிவு என்பது ஒரே அளவு கனமுள்ள இருவரை மட்டுமே மோதவிடுவதற்காக வகுக்கப்பட்ட எல்லை. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வெறுங்கைச் சண்டை நடந்த காலத்தில் இத்தகைய எல்லை ஏதும் இல்லாமையால், ஏறத்தாழ 72 கிலோ எடைகொண்ட டேனியல் மென்டோசா தம்மினும் பேருருவினரோடு மோதித்தான் பெயர் பெற வேண்டியிருந்தது. 1909இல் லண்டனின் தேசிய விளையாட்டுக் கழகம் எட்டுப் பிரிவுகளை ஒழுங்குபடுத்தியபோது வழக்கூன்றிய பெயர்கள் எடைதேடியின் அறிவுக்குப் பெரும் சோதனையாகும். மிக இலேசான பிரிவுக்கு ஈயின் பெயரும், அதற்கு அடுத்ததற்குச் சிறுசாதிச் சேவலின் பெயரும், அதற்கும் அடுத்ததற்கு இறகின் பெயரும் சூட்டப்பட்டன. ஈயைவிடச் சேவல் கனமானது என்பதை எவரும் ஒப்புவர். ஆனால் சேவலைவிட அதன் இறகு கனமானது என்பதைச் சேவற்கொடியோனை வழிபட்டு வளர்ந்த குடும்பத்துப் பிள்ளையால் எளிதில் ஏற்க முடிவதில்லை. இந்தியக் கூட்டமைப்பும் அங்கம் வகிக்கும் 'வேர்ல்ட் பாக்சிங்' அமைப்பு, 2025 முதல் ஆடவருக்கு 50, 55, 60 என ஐந்தைந்து கிலோவாக ஏறி 90 வரை சென்று, அதற்கு மேற்பட்டோர் அனைவரையும் ஒரே கூட்டில் அடைக்கும் பத்துப் பிரிவுகளை நடைமுறைக்குக் கொண்டுவந்துள்ளது. இதில் 60 கிலோப் பிரிவு என்பது 60 கிலோ இருந்தாக வேண்டும் என்று பொருள்படாது. 55ஐத் தாண்டியிருக்க வேண்டும், 60ஐத் தாண்டக் கூடாது என்பதே அதன் பொருள். எடைதேடியின் எடை, உண்டு உறங்கி எழுந்த காலையில், 58 கிலோவும் சில்லறையும் ஆகும். நேரே 60இல் போய் நிற்க வேண்டியவர் அவர் என்பது ஒரு குழந்தைக்கும் விளங்கும். ஆராய்ச்சியாளருக்கு மட்டும் விளங்குவதில்லை.

அவருடைய ஆராய்ச்சி கருவிகளிலிருந்து தொடங்குகிறது. பயிற்சிக்கூடத்து எடைப்பொறி தம்மீது பகைமை பாராட்டுவதாக ஐயுற்று, மருந்துக்கடை வாசலிலுள்ள பொறியிலும், மளிகைக்கடையில் அரிசி மூட்டை நிறுக்கும் மேடையிலும், பழைய இரும்புக்கடைத் தராசிலும் அவர் மாறிமாறி ஏறுகிறார். அங்கெல்லாம் கிடைக்கும் எண்களில் மிகக் குறைந்ததை 'உண்மை எடை' என்றும், எஞ்சியவற்றைக் 'கருவிப் பிழை' என்றும் வகைப்படுத்துகிறார். இரும்புக்கடைக்காரர் தராசைத் தமக்குச் சாதகமாகவே சரிசெய்து வைத்திருக்கக்கூடும் என்பது இவ்வாராய்ச்சியில் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. அவருடைய தந்தையின் காலத்தில் ரயில் நிலையங்களில் வண்ணவிளக்குகள் சுழல நின்ற பொறி, எடையையும் எதிர்காலத்தையும் ஒரே சீட்டில் அச்சிட்டுத் தந்தது. மகன் ஏறும் பொறிகள் எடையை மட்டுமே காட்டினாலும், அவர் அவற்றில் தேடுவது எதிர்காலத்தைத்தான்.

கருவிகளுக்கு அடுத்தபடியாகக் கோட்பாடு வருகிறது. 55க்கு இறங்கிவிட்டால் எதிரிகள் அனைவரும் தம்மினும் குள்ளமாகவும் மெலிந்தும் இருப்பர் என்றும், தம்முடைய கைநீளத்தால் அவர்களை எட்டவே நிறுத்திவிடலாம் என்றும் அவர் நிறுவுகிறார். அந்தப் பிரிவிலேயே பிறந்து வளர்ந்ததுபோல் நிற்கும் ஒருவர், மூன்று நிமிடச் சுற்றுகள் மூன்றிலும் மூச்சிரைக்காமல், கைநீளத்துக்கு அடியில் புகுந்து விலாவில் குத்துவார் என்னும் எதிர்வாதம் இக்கோட்பாட்டில் இடம்பெறுவதில்லை. வடசென்னையில் இன்ன பரம்பரை என்று சொல்லி மார்தட்டிய குத்துச்சண்டை மரபை 'சார்பட்டா பரம்பரை' என்னும் 2021ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் வாயிலாக அறிந்தவர் எடைதேடி. ஆனால் அவரை யாரேனும் எந்தப் பரம்பரை என்று கேட்டால், ஐம்பத்தைந்து கிலோப் பரம்பரை என்றே விடை வரும்.

சான்று காட்டுவதிலும் அவர் வல்லவர். 2018இல் போலந்தில் நடந்த போட்டிக்கு வந்திறங்கிய மேரி கோம், ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் 2 கிலோ குறைக்க வேண்டிய நிலையில், ஒரு மணி நேரம் கயிறு தாண்டி 48 கிலோவுக்குள் வந்து தங்கமும் வென்றார் என்னும் செய்தி அவருக்கு வேதவாக்கு. அதே மேரி கோம், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தம் எடைக்குரிய பிரிவு இல்லாமையால் 51 கிலோவுக்கு ஏறி நின்று வெண்கலம் பெற்றார் என்பதும், ஆசிய விளையாட்டுத் தங்கத்தை 49 கிலோவில் வென்ற ராணுவ வீரர் அமித் பங்கால், 52க்கு உயர்ந்து 2019 உலகப் போட்டியில் வெள்ளி பெற்றார் என்பதும், எடை ஏறிய கதைகள் என்பதால் அவர் வேதத்தில் சேர்க்கப்படுவதில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக் மல்யுத்தத்தில் வினேஷ் போகாட் 100 கிராம் மிகுதியால் இறுதிப் போட்டியை இழந்ததைக் கேட்டு நாடே கலங்கியபோது, எல்லைக்கோட்டில் வாழ்வது எவ்வளவு இடரானது என்று பிறர் உணர்ந்தனர். எடைதேடியோ முன்னெச்சரிக்கையாக முடிதிருத்தகத்துக்குச் சென்று மொட்டையடித்துக்கொண்டார்.

எடைக்குறைப்பு தொடங்கியதும் அது வீட்டின் பொது விவகாரம் ஆகிவிடுகிறது. காலையில் போஹாவும், மாலையில் வடாபாவும், இரவில் தாயார் வார்க்கும் தோசையும் அடுத்தடுத்து விலக்கப்படுகின்றன. "ஒண்ணே ஒண்ணு வச்சுக்கடா, ஒரு தோசைல என்ன ஏறிடப் போகுது?" என்று கேட்கும் தாயாருக்கு, ஒரு தோசையின் எடையைக் கிராம் கணக்கில் சொல்லி அவர் விடையளிக்கிறார். கடைசி இரண்டு நாட்களில் தண்ணீரும் விலக்கப்படுகிறது. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ என்பதால் பொறியின் எண் மளமளவென்று இறங்குவது மெய்யே. ஆனால் உடல் எடையில் இரண்டு விழுக்காடு அளவுக்கு நீரிழந்தாலே உழைக்கும் ஆற்றல் குறையத் தொடங்கும் என்பதும் மெய். எடைதேடிக்கு அந்த இரண்டு விழுக்காடு ஒரு கிலோவுக்குச் சற்று மேல். அவர் துறக்க முனைவதோ மூன்றரைக் கிலோ. தொழில்முறைச் சண்டையில் பொதுவாக முதல்நாளே எடை பார்க்கப்படுவதால், இழந்த நீரை மீட்டுக்கொள்ள ஓர் இரவேனும் கிடைக்கிறது; பன்னாட்டு அமெச்சூர் விதிகளோ, ஊதியம் கருதாது ஆடும் வீரரைச் சண்டை நடக்கும் ஒவ்வொரு நாளும் காலையிலேயே பொறியில் ஏறச் சொல்கின்றன.

இத்தனை ஆராய்ச்சிக்கும் பயிற்சியாளரிடம் இருக்கும் மறுமொழி இரண்டே மராத்திச் சொற்கள்: "ஆதீ ஜேவ்" – முதலில் சாப்பிடு. ஒழுங்காக உண்டு, ஒழுங்காகப் பயின்று, சில வாரங்கள் காலையில் வெறும் வயிற்றில் ஒரே பொறியில் பார்த்த எடை எங்கே நிலைக்கிறதோ அதுவே ஒருவருடைய பிரிவு என்பதும், இன்னும் வளரும் வயதில் இருப்பவருக்கு அப்பிரிவு அடுத்த ஆண்டு தானே மாறும் என்பதும் அச்சொற்களின் விரிவுரை. தொடக்கநிலை வீரர் எடைப்பிரிவைத் தேர்ந்தெடுப்பதில்லை, எடைப்பிரிவே அவரைத் தேர்ந்தெடுக்கிறது என்னும் இக்கருத்து மிக எளிமையாக இருப்பதால், அறிவியல் அடிப்படையற்றது என்று எடைதேடி அதைத் தள்ளிவிடுகிறார்.

போட்டி நாள் காலையில் அவர் 54.9 கிலோவுடன் வெற்றிகரமாகப் பொறியிலிருந்து இறங்கி, சுவரைப் பிடித்தபடி நடந்து சென்று, வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அருகில் அமர்கிறார். உதடு வெடித்து, கன்னம் ஒட்டி, தண்ணீர் பாட்டிலை இரு கைகளாலும் பற்றியிருக்கும் அவரே அன்றைய எதிரி என்பதும், அவரும் 59இலிருந்து இறங்கி வந்தவர் என்பதும், 60இல் நிற்கும் நெட்டைப் பையன்களுக்கு அஞ்சித்தான் அவரும் இறங்கினார் என்பதும் பேச்சினூடே வெளிப்படுகின்றன. ஒருவரை ஒருவர் காணாமலேயே அஞ்சி, ஒருவரிடமிருந்து ஒருவர் தப்புவதற்காக இரண்டு வாரம் பட்டினி கிடந்து, ஓடி வந்த இடத்தில் இருவரும் ஒருவரையொருவர் கண்டுகொண்டனர். 60இலேயே நின்றிருந்தாலும் இதே சண்டைதான் நடந்திருக்கும். காலையில் இருவரும் தோசை சாப்பிட்டிருப்பர் என்பது மட்டுமே வேறுபாடு.