குக்குறுவானும் கூரியர் பில்லும்

ஏற்காட்டில் வீடு என்று சொன்னால் சேலத்து உறவினர்கள் கேட்கும் கேள்விகள் மூன்றுதான். காட்டெருமை வாசல்வரைக்கும் வருமா, காபிக்கொட்டை சல்லிசாகக் கிடைக்குமா, மே மாதம் கோடை விழாவுக்கு நாங்கள் எட்டுப் பேர் வந்தால் படுக்க இடமிருக்குமா. “காலையில் அங்கே என்னென்ன கேட்கும்?” என்று இதுவரை ஒரு ஜீவனும் கேட்டதில்லை. கேட்டால் என்னிடம் பதில் இருக்கிறது. பதிவும் இருக்கிறது. பதிவு செய்த மைக்கின் விலைதான் இரண்டு விதமாக இருக்கிறது: கடைக்குக் கொடுத்தது ஒன்று, வீட்டில் சொன்னது ஒன்று.

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் எங்கள் ஊர். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்தச் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். காபிக்கு நிழல் வேண்டுமென்று சில்வர் ஓக் வந்தது. அதன்மேல் மிளகுக்கொடி ஏறியது. மரத்துக்குப் பறவைகள் வந்தன. கடைசியாக, பணி ஓய்வு பெற்று நான் வந்து சேர்ந்தேன். முன்னால் வந்த எல்லோராலும் மலைக்கு ஏதோ ஓர் உபகாரம் உண்டு.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் தினமும் முதல் கச்சேரி வெண்கன்னக் குக்குறுவானுடையது. அடிப்படையில் மேற்குத் தொடர்ச்சி மலைக்காரர். கிழக்கே இந்தச் சேர்வராயனிலும் சித்தேரி மலையிலும்தான் முக்கியமாகக் குடித்தனம். ‘ட்ர்ர்ர்’ என்று தொண்டையைச் சரிசெய்துகொண்டு ‘குட்ரூ, குட்ரூ’ என்று ஆரம்பித்தாரானால் யாராவது போய்ச் சொன்னால்தான் நிறுத்துவார். அவருக்கும் முன்னால், இருட்டோடு இருட்டாக, ஓடைப் பக்கம் சீகாரப் பூங்குருவி விசிலடிக்கும். மெட்டுத் தெரியாமல், பாதியில் மறந்து, மறுபடி தொடங்குகிற விசில். எங்கள் ஊரில் விடுதிப் பள்ளிகள் ஏராளம். ஆளை நேரில் பார்க்கிறவரை அது பறவையா பையனா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

இதையெல்லாம் செல்போனில் பிடித்து, பெங்களூரில் இருக்கும் மகனுக்கு அனுப்பினேன். “அங்கே மழையாப்பா?” என்று பதில் வந்தது. மழையும் இல்லை, தூறலும் இல்லை. குக்குறுவானுக்குப் பின்னால் விடாமல் கேட்ட அந்த ‘உஸ்ஸ்’, என் போன் மைக் தானாகப் போட்ட சத்தம்.

முழு ஊமையான மைக் என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. காற்றின் மூலக்கூறுகள் அதன் சவ்வில் ஓயாமல் மோதிக்கொண்டிருக்கின்றன; உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு டிரான்சிஸ்டர் தன் பங்குக்கு முனகுகிறது. கச்சேரிக்கு வந்து, பாடகரோடு சேர்ந்து தானும் ராகம் இழுக்கிற பக்கத்து நாற்காலி மாமா மாதிரி. பாடகர் உச்சஸ்தாயியில் இருக்கும்போது மாமா இருப்பதே தெரியாது. ஆலாபனை மெலிகிற இடத்தில் மாமாதான் கச்சேரி.

எந்த மைக்கில் மாமா எவ்வளவு என்று கண்டுபிடிக்க ஒரு கணக்கு உண்டு. விவரத்தாளில் ‘சிக்னல் டு நாய்ஸ்’ என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். 94இலிருந்து அதைக் கழித்தால் மைக்கின் சொந்த இரைச்சல் டெசிபலில் வந்துவிடும். செல்போன் மைக்குக்கு 65 என்று வைத்துக்கொண்டால் மீதி 29. காற்றில் இலை மெல்ல அசைகிற ஓசையே 20 டெசிபல் வாக்கில்தான். அதாவது, இலைகளைவிட உரக்கப் பேசிக்கொண்டே என் போன் இலைகளைப் பதிவு செய்திருக்கிறது. இந்தக் கழித்தல் கணக்கைக் கற்றுக்கொண்ட அன்றைக்குத்தான் எங்கள் வீட்டுச் சேமிப்பிலும் கழித்தல் ஆரம்பமாயிற்று.

முதலில் சேலத்துக்கு இறங்கி, கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் மூன்றுக்கும் மைக் செட் வாடகைக்கு விடும் ஒருவரைப் பார்த்தேன்.

“இரைச்சல் கம்மியா இருக்கிற மைக் ஒண்ணு வேணுங்க.”

“எந்த மைக்கா இருந்தாலும் வால்யூமைக் குறைச்சா இரைச்சல் குறைஞ்சுருமுங்க சார்.”

“அதில்லீங்க. மைக்கே சத்தம் போடக் கூடாது.”

“நம்ம மைக் என்னைக்குங்க சத்தம் போட்டுச்சு? பேசறவங்கதான் போடறாங்க.”

மறுத்துப் பேச முடியாத வாதம். அவர் எடுத்து நீட்டியது மேடையில் பிடித்துப் பேசுகிற டைனமிக் மைக். அந்த ஜாதியில் உலகப் பிரசித்தமான ஷூர் எஸ்எம்58கூட ஒரு பாஸ்கல் ஒலியழுத்தத்துக்கு 1.85 மில்லிவோல்ட்தான் தரும். உதட்டில் முட்டும்படி பிடித்துக்கொண்டு ‘வாக்காளப் பெருமக்களே’ என்று முழங்குகிறவருக்கு அது தாராளம். குக்குறுவான் மரத்தை விட்டு இறங்கி மைக்கைக் கையில் வாங்கிப் பேசாது.

பிறகு விலைப்பட்டியல்களில் இறங்கினேன். ஆடியோ-டெக்னிகா ஏடி2020: பாட்டு, பேச்சு பதிவு செய்ய நம் ஊரில் நிறையப் பேர் வாங்குவது. சொந்த இரைச்சல் 20 டெசிபல். பின்னிரவுக்கு அது போதாது. காட்டில் பதிவு செய்யும் பெரிய கைகள் வைத்திருப்பது ஜென்ஹெய்சரின் எம்கேஹெச் வரிசை. அதில் 8020 என்பதன் இரைச்சல் 10 டெசிபல். ரேடியோ அலைவரிசை முறையில் வேலை செய்வதால் மழைக்காட்டு ஈரமே அதை ஒன்றும் செய்யாது என்று பெயர். விலை, ஒன்றுக்கு ஒரு லட்ச ரூபாய் வாக்கில். இடது காதுக்கும் வலது காதுக்குமாக இரண்டு வேண்டும்.

“அந்தக் காசுக்கு அந்தக் குருவியையே கூட்டிட்டு வந்து கூடத்துல உக்கார வெச்சுப் பாடச் சொல்லலாமே” என்றாள் மனைவி.

இதற்குச் சரித்திர ஆதாரம் உண்டு என்பது அவளுக்குத் தெரியாது. 1889இல் ஜெர்மனியின் ஃபிராங்க்பர்ட் நகரத்தில் லுட்விக் கோக் என்ற எட்டு வயதுப் பையன், வீட்டில் வளர்த்த பறவையின் பாட்டை எடிசன் மெழுகு உருளையில் பிடித்தான். இன்று நமக்குக் கிடைப்பதில் மிகப் பழைய பறவைப் பதிவு அதுதான். பாடியது நம் நாட்டுக் காடுகளிலும் வாழ்கிற சோலைபாடி. கூண்டுக்குள் இருந்ததால் காற்றுத் தொல்லை இல்லை, தூரத் தொல்லை இல்லை. இப்போது அந்த வழிக்குப் போனால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கூண்டு எனக்குத்தான்.

இன்னொரு ஆசாமி ரோட் என்டி1. ஒரு அங்குல அகலச் சவ்வு, 4.5 டெசிபல் இரைச்சல். ஜென்ஹெய்சரையே அமைதியில் மிஞ்சுகிறது, விலையோ அதில் சின்னப் பங்கு. ஆனால் ஸ்டுடியோவில் வளர்ந்த பிள்ளை. 48 வோல்ட் ஊட்ட வேண்டும், கனம் தாங்க ஸ்டாண்டு வேண்டும், ஈரம் ஏறினால் படபடவென்று பொரியும் அபாயம் உண்டு. ஜன்னலைத் திறந்தால் மேகம் வீட்டுக்குள் வந்து சோபாவில் உட்காருகிற ஊருக்கு இது சரிப்படாது. மைக்குக்கு முன்னால் பரவளைய டிஷ் வைத்தால், ஒலி மைக்கைத் தொடுவதற்கு முன்பே பெருகிவிடும், மைக்கின் இரைச்சல் பெருகாது. நல்ல தந்திரம்தான். 60 சென்டிமீட்டர் டிஷ் என்றால் ஏறக்குறைய 570 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் பலன் தர ஆரம்பிக்கும், பறவைக்கு அது போதும். மொட்டை மாடியில் அந்த அளவில் ஒரு டிஷ் ஏற்கெனவே இருக்கிறது. ஸ்பேனரோடு படியேறினேன். கீழே அம்மா சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். இதற்கு மேல் விவரம் வேண்டாம்.

கடைசியில் மனம் நின்ற இடம் ஜப்பானின் பிரிமோ நிறுவனம் செய்யும் இஎம்272. மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு, 10 மில்லிமீட்டர் குறுக்களவு. சிக்னல் டு நாய்ஸ் 80. கழித்தால் 14 டெசிபல். எலெக்ட்ரெட் ரகம். 1962இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் உருவாக்கியது. மின்னேற்றத்தைத் தன்னுள்ளேயே பிடித்துவைத்திருக்கும் படலம் என்பதால் 48 வோல்ட் தேவையில்லை. சின்ன ரெக்கார்டரின் மைக் துளையில் வருகிற இரண்டு மூன்று வோல்ட்டிலேயே பிழைத்துக்கொள்ளும்.

இரைச்சல் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. விலை மலிந்த ரெக்கார்டருக்கும் சொந்த இரைச்சல் உண்டு. மைக் மெலிதான சிக்னல் கொடுத்தால் ரெக்கார்டரை முடுக்க வேண்டும். முடுக்கினால் அதன் உஸ்ஸும் சேர்ந்து எழும்பும். இஎம்272 ஒரு பாஸ்கலுக்கு ஏறக்குறைய 40 மில்லிவோல்ட் தருகிறது, மேடை மைக்கைப்போல இருபது மடங்கு. ரெக்கார்டர் வாயைத் திறக்கத் தேவையே வராது. ஏழை வீட்டுக்கு ஏற்ற மைக் என்றால் இதுதான் என்பது என் கட்சி. அந்த 10 டெசிபலும் 4.5 டெசிபலும், காற்று சுத்தமாக அடங்கிய தை மாதப் பின்னிரவில் நாலு மணி நேரத்துக்கு வேண்டுமானால் உதவும். மற்ற நேரம் சில்வர் ஓக் சலசலக்கும், கோடையில் சில்வண்டு காதைத் துளைக்கும், சனி ஞாயிறுகளில் கொண்டை ஊசி வளைவெல்லாம் ஹாரன். அதற்கு லட்ச ரூபாய் மைக் வைத்தால் ஹாரன்தான் இன்னும் துல்லியமாக விழும்.

இரண்டு கேப்சூல், வயர், பிளக் பொருத்தி இங்கிலாந்திலிருந்து வரவழைத்தேன். பொருள் விலை, அதன்மேல் அஞ்சல் கூலி, அதன்மேல் சுங்கவரி. வீட்டில் “ரெண்டாயிரம்” என்றேன். பொய் இல்லை. மொத்தத் தொகைக்குள் அந்த ரெண்டாயிரமும் இருந்தது.

மைக்கைவிடப் பெரிய செலவு காற்று. இளங்காற்று மைக்கின்மேல் பட்டாலே லாரி சரிவில் உருண்டதாகப் பதிவாகும். நுரைப்பஞ்சு உறை வெட்டவெளிக்குப் போதாது. முடி நீண்ட செயற்கை ரோம உறை வேண்டும். அது வேறொரு பில் என்பதால் சிக்கனமாக யோசித்து, இரண்டு மைக்கையும் காதோரம் பிளாஸ்டர் போட்டு ஒட்டி, மேலே குரங்குக் குல்லாயை இழுத்துவிட்டு விடிகாலையில் கொல்லைப்புறம் உட்கார்ந்தேன். இரண்டு காதுக்கும் நடுவில் தலை இருப்பதால் இடம் வலம் அபாரமாகப் பிரியும். உலகெங்கும் செய்கிற முறைதான். பதிவில் மிகத் தெளிவாக விழுந்தவை: நான் எச்சில் விழுங்கியது, என் முழங்கால் மூட்டு, காபி வராததால் வயிறு கேட்ட கேள்விகள். தூரத்தில் ஒரு பூங்குருவியும் இருந்தது. தலையின் வேலை காதுகளைப் பிரித்துவைப்பது மட்டும்தான் என்றால் அதற்கு மரமே போதுமே என்று தோன்றியது. மரத்துக்கு மூட்டு கிடையாது.

குல்லாயை இரண்டாக வெட்டி, சில்வர் ஓக் தண்டின் இந்தப் பக்கம் ஒரு மைக், அந்தப் பக்கம் ஒரு மைக் என்று கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தோட்டத்து வாட்ச்மேன் வந்தார்.

“சார், பன்னிக்குக் கரண்ட் வெக்கிறீங்களா? கேஸாயிருமுங்க.”

“இல்லீங்க, குருவி சத்தம் பிடிக்கிறேன்.”

“பிடிச்சு?”

“அப்புறமாக் கேப்பேன்.”

“அதான் இப்பவே கேக்குதுங்களே.”

ஹெட்போனை அவர் தலையில் மாட்டினேன். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றார். “நல்லா இருக்குங்க சார்,” என்றார். “என் செருப்புச் சத்தம் இவ்வளவு நல்லா இருக்கும்னு தெரியாதுங்க.”

அவர் போனதும் ரெக்கார்டரை ஓடவிட்டு நானும் உள்ளே வந்துவிட்டேன். பதிவு செய்கிறவன் அந்த இடத்தில் இல்லாமலிருப்பது அவன் செய்யக்கூடிய பெரிய உதவி. வெயில் ஏறியபின் போய் எடுத்துவந்து, ஈரம் உறிஞ்சும் சிலிகா பொட்டலங்களோடு மைக்கை டிபன் டப்பாவில் பூட்டிவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அடேயப்பா! உஸ் இல்லை, மழை இல்லை. இடப்பக்கம் உயரத்தில் குக்குறுவான், வலப்பக்கம் புதரில் செம்மீசைச் சின்னான். அதற்கும் அப்பால், துணி காயப்போடுகிற கொடிக்கம்பிப் பக்கம், பக்கத்து வீட்டுப் பெண்ணும் என் மனைவியும்.

“அண்ணன் மரத்துல என்னமோ கட்டிட்டு இருந்தாரேக்கா?”

“மைக்காம். ரெண்டாயிரம்னாரு.”

“பரவால்லியே, சல்லிசுதான்.”

“சல்லிசா? கூரியர் பில்லை மடிச்சுத் தலகாணி உறைக்குள்ள வெச்சிருக்காரு. உறையைத் துவைக்கிறது யாரு, அவரா? எவ்வளவு தெரியுமா...”

அந்த இடத்தில் குக்குறுவான் குறுக்கிட்டு ‘குட்ரூ, குட்ரூ’ என்று தொகையை மறைத்துவிட்டது. மறைத்தும் பயனில்லை. அடுத்தபடியாக அந்தப் பெண் “அய்யய்யோ” என்று மூச்சை உள்ளே இழுத்தது அவ்வளவு தூரத்திலிருந்தும் அட்சரம் பிசகாமல் விழுந்திருக்கிறது. 14 டெசிபல் என்று பிரிமோக்காரர்கள் சொன்னது சத்தியம். விலை விஷயத்தில் யாராவது ஒருவராவது உண்மை பேசியிருக்க வேண்டும் அல்லவா.

நெதர்லாந்தில் 2005இல் தொடங்கிய ஸெனோ-கான்டோ என்ற பறவைக்குரல் களஞ்சியம் இருக்கிறது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் பதிவு அனுப்பலாம். என்னிடம் இருப்பதில் சுத்தமான குக்குறுவான் பதிவு இதுதான். அனுப்பும் படிவத்தில், பின்னணியில் கேட்கும் மற்ற இனங்கள் எவை என்று ஒரு கட்டம் இருக்கிறது. செம்மீசைச் சின்னான் என்று எழுதி அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

ரோம உறை அடுத்த வாரம் வருகிறது. பில்லை மட்டும் தனியாக என் கையில் தரும்படி கூரியர்ப் பையனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அவன் என் மனைவிக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை என்று நேற்றுத்தான் தெரிந்தது.