கதவுக்கு மட்டும் கல்யாணம்

வசதி உள்ளவர்கள் சமையலறையை மாற்றுவார்கள். என்னைப் போன்றவர்கள் சமையலறைக் கதவை மாற்றுவோம். வந்து பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. பேங்க் பாஸ்புக்குக்குத் தெரியும்.

சென்னையின் பழைய அடுக்குமாடி வீடுகளில் இதற்கு ஒரு தோது உண்டு. மேடைக்குக் கீழே தாங்கி நிற்பவை கடப்பா கற்கள். கரையான் அரிக்காது, தண்ணீரில் ஊறாது. கெட்டுப்போவது முன்னால் மாட்டிய கதவுதான். எங்கள் சிங்க்குக்குக் கீழிருந்த பார்ட்டிகிள் போர்டு கதவு, ஈரத்தைக் குடித்துக் குடித்துப் பூரியாக உப்பியிருந்தது. மாடுலர் கிச்சன் கேட்டுக்கொண்டிருந்த மனைவியிடம், "கல் இருக்கட்டும், கதவை மாற்றுவோம்" என்று பட்ஜெட் தாக்கல் செய்தேன். "உங்க இஷ்டம்" என்றாள். விவாதமின்றி மசோதா நிறைவேறினால் எந்த நிதியமைச்சருக்கும் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும்.

வந்த ஆசாரி, கற்களின் முன்னால் கதவு மாட்டப் பொருத்தியிருந்த மரச்சட்டத்தில் ஸ்க்ரூ டிரைவரால் அங்கங்கே குத்திப் பார்த்தார். "உள்ளே இறங்கல சார். சட்டம் கெட்டி. இத்துப்போன சட்டத்துல புதுக் கதவு மாட்டினா எல்லாம் தெண்டம்." அதே சோதனையை என் இடுப்பிலும் செய்துவிடுவாரோ என்று இரண்டடி தள்ளி நின்றேன்.

பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 303, ஐ.எஸ். 710 என்று இரண்டு தர எண்கள். பின்னது மரைன் பிளை. தண்ணீரை இன்னும் நன்றாகத் தாங்கும். சிங்க்குக்குக் கீழே மட்டும் 710, மற்ற இடங்களுக்கு 303 போதும் என்றார் ஆசாரி. அன்று மாலை வாக்கிங்கில் இந்த இரண்டு எண்களையும் நானே சோதனைச்சாலையில் கண்டறிந்த தோரணையில் விளக்கினேன். அடுத்த நாள் முதல் பக்கத்து ஃபிளாட்காரர் வேறு தெருவில் நடக்கிறார்.

பிறகு லேமினேட். 8-க்கு 4 அடி தகடு, 1 மி.மீ. கனம். கேட்லாக்கில் வெள்ளையிலேயே பல ஜாதி. நான் கம்பீரமாகத் தேக்கைத் தேர்ந்தெடுத்தேன். "இது தேக்கு இல்ல சார், தேக்கு போட்டோ" என்றார் ஆசாரி. உண்மைதான். ரெசினில் ஊறிய காகிதங்களை அடுக்கி, மேலே ஒரு படத்தாளை வைத்து, சூட்டில் அழுத்திச் செய்வது. 1912-இல் அமெரிக்காவில் மின் கருவிகளுக்கான காப்புப் பொருளாகப் பிறந்த சரக்கு. மின்சாரத்தைத் தடுத்தது என் வீட்டுச் சாம்பார்த் தெறிப்பைத் தடுக்காதா?

ஓரப்பட்டியில் மட்டும் கஞ்சத்தனம் பிடிக்க ஆசாரி விடவில்லை; தண்ணீர் பிளைவுட்டுக்குள் நுழைவது ஓரத்தின் வழியாகத்தானாம்.

கதவைக் கழற்றுமுன் அலமாரிகளைக் காலி செய்தோம். மனைவியின் பொருள்கள் அனைத்தும் புழக்கத்தில் இருந்தவை. பின்வரிசையில் தூசியோடு கிடந்த வெங்காயம் வெட்டும் கருவி, முறுக்குத் துப்பாக்கி, கைப்பிடியில்லாத ஜூஸர் எல்லாம் பொருட்காட்சிகளில் நான் பேரம் பேசி வென்ற கோப்பைகள். ஆசாரி அவற்றைத் தரையில் வரிசையாக வைத்தார். நான் அவசரமாக ஒரு போன் பேசப் போனேன்.

புதுக் கதவுகளில் 35 மி.மீ. துளை போட்டு சாஃப்ட் க்ளோஸ் கீல் மாட்டினார்கள். இங்கேதான் என் ஆட்சி கவிழ்ந்தது. காபி தாமதமானாலோ, உப்பு குறைந்தாலோ, அலமாரிக் கதவைப் படாரென்று சாத்துவதுதான் இத்தனை வருடமாக எனக்கிருந்த ஒரே கருத்துரிமை. இப்போது எவ்வளவு ஆத்திரத்தோடு தள்ளினாலும், கதவு பாதி வழி பாய்ந்து போய், கடைசி இரண்டு அங்குலத்தில் நிதானித்து, என் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பணிவாக மூடிக்கொள்கிறது. மறுபடி திறந்து மறுபடி தள்ளிப் பார்த்தேன். மறுபடியும் பணிவு.

அடுப்படியிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்: "ஏங்க, இந்தக் கீல் மீந்திருக்கா? உங்க வாய்க்கும் ஒண்ணு மாட்டச் சொல்லலாம்."