ஐந்து ஏன், ஒரு சோடா

“முட்டாள் வேலைக்காரன் வேஷம்னதும் உங்க ஞாபகம்தான் வந்துச்சு மாமா” என்றான் அக்கா மகன். கள்ளமில்லாத பிள்ளை. அவனுடைய பாலிடெக்னிக் ஆண்டு விழாவில் பம்மல் சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’. அந்த வேஷத்துக்கு இருந்த பையன் அப்ரன்டிஸ் கிடைத்து ஸ்ரீபெரும்புதூரில் பி ஷிஃப்ட்டுக்குப் போய்விட்டான். எங்கள் வட்டாரத்தில் கலைக்கு நேரும் இழப்புகள் பெரும்பாலும் இப்படித்தான்.

நான் ஒரகடத்தில் பிரஸ் ஷாப் சூப்பர்வைசர். பள்ளியில் கட்டபொம்மன் வேஷம் கட்டியவன். பிறகு நடிப்பெல்லாம் ஆடிட் நாட்களில் மட்டும்: “எப்பவுமே இப்படித்தான் சார் வெச்சிருப்போம்.”

சம்பந்த முதலியார் 1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர். வக்கீல், பிற்பாடு ஸ்மால் காஸ் கோர்ட் நீதிபதி. பகலில் கோர்ட், சாயங்காலம் அரிதாரம். முடியாதா பின்னே? அவருக்கு ஜெனரல் ஷிஃப்ட்.

ஒத்திகையில் என் குரல்தான் முதல் தொல்லை. பிரஸ் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி, “வந்துட்டேங்க” என்றாலே பக்கத்து வகுப்பு எட்டிப் பார்த்தது. அடுத்தது கை. மெஷின் ஓடும்போது எங்களுக்குள் பேச்சே ஜாடைதான். எஜமான் வசனம் பேசப் பேச என் கை தானாகக் கிரேனை இறக்கியது. டைரக்டர் பெண் தலையில் அடித்துக்கொண்டு, “அது இருக்கட்டும் அங்கிள், நல்லாருக்கு” என்றாள்.

1941-ல் ஏ.வி. மெய்யப்பன் எடுத்த படத்தில் காளி என். ரத்னம் செய்த வேஷம் அது. சோடா உடைச்சுக் கொண்டா என்றால் பாட்டிலையே உடைக்கிற ஆள். ஒத்திகையில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொன்னதை இம்மி பிசகாமல் செய்திருக்கிறான். இதில் முட்டாள்தனம் எங்கே? எங்கள் லைனில் ஒரு தப்பின் வேரைத் தேட ‘ஏன், ஏன்’ என்று ஐந்து தடவை கேட்போம்; இங்கே கேட்டிருந்தால் எஜமானுக்குத்தான் மெமோ. அந்த நியாயத்தை முகத்தில் வைத்துக்கொண்டே மேடையேறினேன்.

தெர்மோகோல் பாட்டில்தான். இருந்தாலும் உடைக்கும் முன் பையிலிருந்து பாதுகாப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டினேன். ஒத்திகையில் இல்லாதது, பழக்கதோஷம். வீட்டுக்கு வீடு ஒரு ஷிஃப்ட் ஆள் உள்ள ஊர் ஆயிற்றே, கொட்டகை குலுங்கியது. அது அடங்கும்வரை அடுத்த வசனத்தை நிறுத்தி வைத்தேன் பாருங்கள், அந்தச் சுகத்துக்கு எந்த ஓவர்டைமும் ஈடில்லை.

அடுத்த வருஷம் ‘மனோகரா’வாம். ராணி பத்மாவதி வேஷத்துக்கு ஆள் கிடைக்கவில்லையாம். ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள இப்போதே ஆள் பிடித்து வைத்திருக்கிறேன். மீசை விஷயம் மட்டும் வீட்டில் இன்னும் சொல்லவில்லை.