கரிச்சானுக்கு ஆரு கண்ணு ஜாய்ஸ்டிக் வாங்கிக் குடுத்தது?

வா கண்ணு, உக்காரு. இது கயித்துக் கட்டலு. அமுக்கறதுக்குப் பித்தான் ஒண்ணும் இருக்காது. கொஞ்சம் சிரமந்தான், பொறுத்துக்க.

சண்டை விமானம் ஓட்டப் பழகறயாமே? கம்ப்யூட்டர்லதான்னு உங்கம்மா சொன்னா. சந்தோசம். உன்னையாட்டம் ஒருத்தன் எங்கூட்டுலயும் இருக்கறான். மக வயித்துப் பேரன். லீவுக்கு வந்தவன் துணிமணியை ஒரு பையில கொண்டாந்தான், சாமானத்தை மூணு பொட்டியில கொண்டாந்தான். சோத்தாங்கைக்கு ஜாய்ஸ்டிக். நொட்டாங்கைக்கு த்ராட்டில். காலுக்கு ரெண்டு மிதிகட்டை. தலைக்கு ஒரு குல்லா.

குல்லா எதுக்குடான்னேன்.

"நாந் தலையைத் திருப்புனா, உள்ள இருக்கற பைலட்டும் திருப்புவான் அப்புச்சி."

அது சரி. கழுத்தைத் திருப்பறதுக்கும் காசு கேக்கற காலம்.

வெளையாட்டுப் பேரு டிசிஎஸ்ஸாம். உள்ள போறதுக்குக் காசில்லை. ரெண்டு விமானம் சும்மா குடுக்கறாங்க. ஆசைப்பட்டது வேணும்னா ஒவ்வொண்ணுக்கும் தனியாக் காசு அவுக்கோணும். நம்மூரு நோம்பியில நான் அறுவது வருசமாப் பாக்கற யாவாரந்தான். மைதானத்துக்குள்ள வர்றது சும்மா, ராட்டாந்தூரிக்குத்தான் டிக்கெட்டு.

மொத நாளு அவன் முதுகுக்குப் பின்னால நின்னு பார்த்தேன். எதிரி விமானம் நேரா வந்து விர்ருனு கடந்து போச்சு. இவன் ஜாய்ஸ்டிக்கை வயித்தோட சேத்து இழுத்தான். வெடுக்குனு திரும்பறதுக்காம். திரை கருகும்முனு இருண்டு போச்சு. கரண்டு போயிருச்சோன்னு பார்த்தா, காத்தாடி சொகமாச் சுத்துது.

"ஜி ஏறி மயக்கம் வந்துருச்சு அப்புச்சி"ங்கறான்.

வேவகாரம் என்னன்னா, வேகத்துல இறுக்கித் திருப்புனா ஒடம்பு கனக்கும். 9 ஜின்னா ஒம்பது மடங்கு. 70 கிலோ ஆளு 630 கிலோ ஆயிருவான். ரத்தமெல்லாம் தலையை உட்டுட்டுக் காலுக்கு ஓடிரும், கண்ணு கட்டும். நெசப் பைலட்டு காலை நெரிக்கற காத்துச் சட்டையை மாட்டிக்கிட்டு, தொடையையும் வயித்தையும் முறுக்கி, மூச்சை அடக்கி அடக்கி உட்டுத்தான் தாக்குப் புடிக்கறான். எம் பேரனும் புடிச்சான். வாயில முறுக்கோட.

மயக்கம் தெளிஞ்சா வேகமெல்லாம் கரைஞ்சு போயிருந்துது. எதிரி முதுகுக்குப் பின்னால. டொப்பு. அன்னைக்கு மத்தியானம் மட்டும் பதினேழு வாட்டி செத்தான். நடுவுல ரெண்டு வாட்டி காப்பி குடிச்சான்.

"ஏன்டா சாகறே?"ன்னு கேட்டேன்.

"எனர்ஜி மேனேஜ்மெண்ட் பத்தலை"ன்னான்.

ஏங்கண்ணு, இதை நம்ம பாசையில சொன்னா வாய் வெந்து போகுமா? எங்க காலத்துல மாட்டைக் கட்டிக் கெணத்துல கவலை எறைச்சோம். மாடு சரிவுல எறங்குனா பறி மேல வரும். மாடு பின்வாங்கி மேல ஏறுனா பறி கீழ போகும். ஒண்ணு எறங்காம இன்னொண்ணு ஏறாது. விமானத்துக்கு உசரமும் வேகமும் அப்படித்தான். எறங்குனா வேகம் கெடைக்கும், ஏறுனா வேகம் உசரமாச் சேந்துக்கும். சும்மா வெடுக்கு வெடுக்குனு இழுத்துத் திருப்பறது இருக்குதே, அது ஓட்டைப் பறி. மாடும் களைச்சுது, வாய்க்காலுக்கும் தண்ணி வரலை.

அப்புறம் 'ஹை யோ-யோ'ன்னு ஒண்ணு சொன்னான். பம்பரத்துக்குத் தம்பியாக்குமுன்னு நெனைச்சேன். எதிரி வளையறான், நீ அவனை உட ரொம்ப வேகமா வந்துட்டே. அப்படியே போனா அவனைத் தாண்டி முன்னால போய் நிப்பே. அப்ப மூக்கை மேல தூக்கோணும். ஏற ஏற வேகம் தணியும். மேல இருந்தே வளைஞ்சு, அவன் வட்டத்துக்குள்ளார எறங்கோணும். ரேக்ளா ஓட்டறவன் திருப்பத்துல கரைமேட்டுல ஏத்தி எறக்கறாப்புலதான். அவனுக்கு ஆரும் இங்கிலீசுல பேரு வச்சுக் குடுக்கலை.

'சிசர்ஸ்'ன்னு இன்னொண்ணு. கத்திரிக்கோலாம். ரெண்டு விமானமும் குறுக்கும் மறுக்கும் வெட்டி வெட்டிப் பறக்கும். எதுக்கு? நீ முன்னால போ, நீ முன்னால போன்னு. எவன் முன்னால போறானோ அவன் முதுகைக் குடுத்துட்டான்னு அர்த்தம். கல்யாணப் பந்தி வாசல்ல ரெண்டு சம்பந்தி நிக்கறதைப் பாத்திருப்பே. "நீங்க மொதல்ல போங்க மச்சான்", "அட, நீங்க போங்க மச்சான்". மரியாதைன்னா நெனைச்சே? அதுவும் சண்டைதான் கண்ணு.

இதெல்லாம் பழைய வித்தை. 1916லயே ஒஸ்வால்ட் போல்க்கேன்னு ஒரு ஜெர்மன் பைலட்டு எட்டு விதி எழுதி வச்சான். சூரியனை முதுகுக்கு வச்சுட்டுப் பாய். கிட்டப் போய்ச் சுடு. எதிரி மேல இருந்து கண்ணை எடுக்காதே. அவன் மண்ணுக்கு மேல பறக்கறப்ப நீ ஊடு திரும்பற வழியை மறக்காதே. கடைசி விதி, ஒரே எதிரி மேல பல பேரு உழுகாதீங்க. அதே வருசம் அக்டோபர் 28, அவனும் கூட்டாளி ஒருத்தனும் ஒரே விமானத்தைத் தொரத்தப் போய், றெக்கை ஒரசி, போல்க்கே கீழ உழுந்து செத்தான். 40 விமானத்தைச் சாய்ச்சவன். வயசு 25. எழுதுனவனுக்கே அந்தக் கதின்னா, பரிச்சைக்கு மொத நாளு படிக்கற உனக்கு?

படிச்சவன் மட்டும் பெருசாக் கிழிச்சானா? அமெரிக்காக்காரன் கப்பற்படைக்குப் பேண்டம்னு ஒரு விமானம் பண்ணுனான். ஏவுகணை வந்தாச்சு, இனிமேல் கிட்டப் போய் எவன் மல்லுக்கட்டப் போறான்னு அதுல பீரங்கியே வைக்கலை. வியட்நாம்ல போய்ப் பார்த்தா, எதிரி கிட்ட வந்து மல்லுக்குத்தான் நிக்கறான். அப்புறம் 1969ல மிராமர்ங்கற ஊருல பள்ளிக்கூடம் தொறந்து, பழைய வித்தையை மறுபடி ஆனா ஆவன்னால இருந்து படிச்சான். அதுதான் டாப் கன். 1986ல சினிமாவும் வந்துது. அதுல ஈரோ கறுப்புக் கண்ணாடி போடுவானாம். எம் பேரனும் போட்டுக்கறான். ராத்திரி பதினோரு மணிக்கு, கதவைச் சாத்திட்டு.

வெளையாட்டுன்னு நான் எளக்காரம் பண்ணலை கண்ணு. 1929ல எட்வின் லிங்க்குன்னு ஒருத்தன் ஒரு பொய் விமானம் செஞ்சான். அவங்கப்பனுக்குப் பியானோவும் ஆர்கனும் செய்யற பட்டறை. ஆர்கனுக்குக் காத்தடிக்கற துருத்தியை வச்சே ஒரு பொட்டியைச் சாய்ச்சு, நிமுத்தி, பறக்கறாப்புல ஆட்டிக் காமிச்சான். நம்ம ஆசாரி பட்டறைத் துருத்திக்குப் பங்காளி. கேளிக்கைத் திடலுக்காரங்கதான் மொதல்ல அதை வாங்குனாங்க. 1934ல அமெரிக்கா ராணுவம் ஆறு வாங்குச்சு. தூரியில ஆரம்பிச்சது துருப்புக்குப் போய்ச் சேந்துது. அதனால, ஆடு. ஆனா எது பொய்யி எது நெசம்னு தெரிஞ்சு ஆடு.

அக்கட்டால சூலூருல தேஜஸ் விமானம் கெளம்பற சத்தம் கேட்டிருப்பே. அங்கே 18ன்னு ஒரு படையணி இருக்குது. 1971 டிசம்பர் 14, அந்த அணிக்காரரு நிர்மல் ஜித் சிங் செகோன் சிறீநகர்ல இருந்தாரு. ஓடுதளத்துல குண்டு உழுகறப்பவே, நேட்டுங்கற குட்டி விமானத்தைக் கெளப்பிட்டுப் போய், பாகிஸ்தானுச் சேபர் விமானங்களோட மல்லுக்கு நின்னாரு. திரும்பி வரலை. விமானப்படையில பரம்வீர் சக்கரம் அவரு ஒருத்தருக்குத்தான். இதைச் சொன்னது எம் பேரன். சொல்லிட்டுக் கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். நானும் அந்தப் பதினேழை ஞாபகப்படுத்தலை.

ஒரு நாளு கரண்டு போச்சு. பயலுக்குக் கை காலு ஓடலை. பொடக்காளிக்குக் கூட்டிட்டுப் போனேன். கோழி குஞ்சுகளோட கெளறிட்டிருந்துது. பருந்து ஒண்ணு வட்டம் போட்டு எறங்குது. கம்பியில ஒரு கரிச்சான், கைப்புடி அளவு. என்ன பண்ணுச்சு? பருந்து பின்னால வேகு வேகுனு ஓடலை. மொதல்ல அதை உட மேல ஏறுச்சு. பொறவு மேல இருந்து முதுகுல ஒரு கொத்து. கொத்துன வேகத்துலயே மறுபடி மேல போயிருச்சு. பருந்து மல்லாந்து நகத்தைக் காமிக்கறதுக்குள்ள அது அங்கே இல்லை. மறுபடியும் ஒரு கொத்து.

பேரன் வாயைப் பொளந்துட்டான். "அப்புச்சி, இது பூம் அண்ட் ஜூம்!"

"அந்தப் பேரு அதுக்குத் தெரியாது சாமி. தெரிஞ்சிருந்தா கம்பியிலயே உக்காந்து பேசிட்டிருந்திருக்கும்."

இன்னொண்ணும் பார்த்தோம். பருந்து வேலியைத் தாண்டுன ஒடனே கரிச்சான் தொரத்தலை. திரும்பி வந்து, அதே கம்பியில உக்காந்து, றெக்கையைக் கோதுச்சு.

பொழுதோட கரண்டு வந்துது. பயல் மேல ஏறி, காத்திருந்து, மொத வாட்டியா ஒரு எதிரியைச் சாய்ச்சான். ஒரே குதி. ஒரு பித்தானைத் தட்டுனான், திரையில வேற என்னமோ வந்துது.

"உன்ற விமானம் எங்கடா?"ன்னேன்.

"வெளிய வந்துட்டேன் அப்புச்சி."

"அது எறங்குச்சா?"

முழிக்கறான். மூணு பொட்டிச் சாமானம். இங்கிலீசுல நாப்பது பேரு. ஒரு நாளாச்சும் சக்கரம் தரையில பட்டிருக்குதா? இல்லை. போல்க்கே ஊடு திரும்பற வழியைச் சும்மாவா எழுதி வச்சான்? கரிச்சான் சும்மாவா கம்பிக்கு வந்துது?

ஆக, மொதல்ல எறங்கக் கத்துக்க கண்ணு. பொறவு சண்டை. இப்ப எந்திரி. சாப்பிட வாடான்னு உங்கம்மா மூணு வாட்டி கூப்பிட்டுட்டா. முதுகுக்குப் பின்னால ஆரு வர்றாங்கன்னு பாக்கறதுதானே இந்த வித்தையில மொதப் பாடம்? குல்லா வேண்டாம், சும்மாவே திரும்பிப் பாரு. சீமாத்தோட வர்றா.