குற்றவாளியின் செல்போன் எண்

குண்டாக இருப்பது இந்த நாட்டில் குற்றமில்லை. குண்டு உடம்பை இளைக்கவைக்க மருந்து இருக்கிறது என்று விளம்பரம் செய்வதுதான் குற்றம். 1954லேயே சட்டம் போட்டாயிற்று. புற்றுநோய், காசநோய் இருக்கும் அதே பட்டியலில் உடல் பருமன், உயரம், பெண்களின் மார்பக அமைப்பு எல்லாம் உண்டு. இவற்றைச் சரிசெய்யும் மருந்து என்று விளம்பரம் போட்டால், முதல் தடவைக்கே 6 மாதம் வரை உள்ளே தள்ளலாம்.

வீட்டை விட்டு இறங்கி, எதிரே நிற்கும் மின்கம்பத்தைப் பாருங்கள். எடை குறைய, உயரம் கூட, மூலிகை மருந்து. கீழே செல்போன் எண். இவ்வளவு ஒத்துழைக்கும் குற்றவாளி உலகில் வேறெங்கும் கிடைக்கமாட்டான். போலீஸ் அந்த எண்ணை அழுத்தினால் போதும். சிலர் அழுத்தியும் இருப்பார்கள். தொப்பைக்கு என்ன விலை என்று கேட்டிருப்பார்கள்.

கம்பத்தில் ஒட்டினால் மோசடி. நடிகையை வைத்து டிவியில் சொன்னால் தொழில். ஃபேர் அண்ட் லவ்லி 1975ல் வந்தது. கறுத்த பெண்ணுக்கு வேலையும் இல்லை, வரனும் இல்லை என்று விளம்பரத்துக்கு விளம்பரம் பாடம் நடத்தியது. 2020ல் அமெரிக்கப் போலீஸ்காரர் ஒருவர் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரின் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்றார். உலகம் கொதித்தது. கம்பெனிக்குச் சட்டென்று ஞானம் பிறந்தது. ஃபேர் போய் க்ளோ வந்தது. க்ரீம் மட்டும் போகவில்லை. நம் ஊர்ப் பெண்கள் 45 வருஷம் கண்ணாடி முன் அழுதது எந்த மீட்டிங்கிலும் யார் காதிலும் விழவில்லை.

நாம் மட்டும் யோக்கியமா? கீழடி என்றால் நெஞ்சு நிமிர்கிறது. 2007ல் ‘சிவாஜி’ படத்தில் இரண்டு பெண்களுக்குக் கறுப்பு பூசி, பாரி மகளிரின் பெயரையே வைத்து, அங்கவை சங்கவை என்று கூப்பிட்டுக் கேலி செய்தார்கள். அப்பா வேடத்தில் பட்டிமன்ற நடுவர் சாலமன் பாப்பையா. தியேட்டர் குலுங்கியது. சிரித்தது தமிழ்ப் பெருமை பேசும் அதே வாய். கறுப்புச் சட்டைக்காரர் வீட்டுக்கும் மருமகள் சிவப்பாகத்தான் வரவேண்டும்.

இந்தச் சிரிப்புக்குப் பில் கட்டுவது யார்? சிவப்பாக வேண்டும் என்று பூசிக்கொள்ளும் ஸ்டீராய்டு கலந்த க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018ல் மத்திய அரசு விதியை இறுக்கியது. சீட்டு கேட்ட மெடிக்கல் ஷாப்பை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள் என்று வாங்குகிறாள் ஒரு பெண். இரண்டே வாரத்தில் முகம் பளபளக்கிறது. மாசங்கள் போகப் போக தோல் மெலிகிறது, வெயில் பட்டால் எரிகிறது, பரு வெடிக்கிறது, கன்னத்தில் முடி முளைக்கிறது. நிறுத்தினால் இன்னும் மோசமாகச் சிவக்கிறது. கேட்ட சிவப்பு அதுதான்.

தோல் டாக்டரிடம் அழைத்துப்போகிறார்கள். என்னம்மா போட்டே, எத்தனை நாளாப் போட்டே என்று அவர் கேட்கிறார். அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொள்கிறாள்: "தை மாசம் கல்யாணம் டாக்டர். அதுக்குள்ள கலர் வந்துடுமா?"