வாழைக்காய் பழுக்கும் இடம்: தமிழ்நாடு–கேரள எல்லை குறித்து ஒரு சைக்கிள் ஆய்வு

தமிழ்நாடு எங்கே முடிகிறது, கேரளம் எங்கே தொடங்குகிறது என்ற கேள்விக்கு வருவாய்த் துறை கல் நட்டு விடை சொல்லியிருக்கிறது. வனத்துறை சங்கிலி கட்டியும், போக்குவரத்துத் துறை பலகை மாட்டியும் சொல்லியிருக்கின்றன. டீக்கடைக் கண்ணாடிப் பெட்டியை மட்டும் இதுவரை யாரும் சாட்சிக்கு அழைக்கவில்லை. அந்தக் குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

கருதுகோள் எளியது. வாழையைக் காயாக இருக்கும்போதே மெல்லிசாகச் சீவி, மிளகாய்த்தூளும் பெருங்காயமும் சேர்த்த கடலை மாவில் தோய்த்துப் பொரித்தால் அது பஜ்ஜி. நேந்திரத்தைத் தோல் கறுக்கும்வரை பழுக்கவிட்டு, நீளவாக்கில் அரிந்து, சர்க்கரையும் மஞ்சளும் கலந்த மைதாவில் முக்கிப் பொரித்தால் அது பழம்பொரி. இடுக்கிப் பக்கத்தில் இதையே ஏத்தக்காயப்பம் என்பார்கள். பஜ்ஜி சட்னி கேட்கும். பழம்பொரி எதையும் கேட்காது. (அதை மாட்டுக்கறியோடு சேர்த்துத் தின்னும் வழக்கம் கேரளத்தில் பரவிவருவதை அறிவோம். அது தனி முனைவர் பட்டத்துக்குரிய பொருள்.) ஆகவே, கிழக்கிலிருந்து மேற்கே போகும் ஒருவர் எந்தக் கடையில் முதன்முதலாகக் காய்க்குப் பதில் பழத்தைக் காண்கிறாரோ, அந்தக் கடைவாசலே உண்மையான மாநில எல்லை.

நேந்திரங்காய் சிப்ஸ் காயில்தானே செய்கிறார்கள், அதுவும் கேரளத்தின் அடையாளம்தானே என்று கேட்கலாம். சிப்ஸ் பொட்டலம் கட்டி ஊருக்கு எடுத்துப் போவது. எண்ணெய்ச் சட்டியிலிருந்து வாய்க்கு நேராக வரும் பண்டம் மட்டுமே இங்கே தரவு. இந்த விதியை ஆய்வாளர் தமக்குச் சாதகமாக வகுத்துக்கொண்டார் என்று குற்றம் சொல்வோர், வேறெந்த ஆய்வையும் படித்ததில்லை என்று பொருள்.

அளவுகருவியாகச் சைக்கிளைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பேருந்துப் பயணி எல்லையைத் தூக்கத்தில் கடக்கிறார். காரில் போகிறவருக்குப் பசிப்பதற்குள் அடுத்த மாவட்டம் வந்துவிடுகிறது. மோட்டார் சைக்கிளில் பசிப்பது வண்டிக்கு. சைக்கிள்காரரோ மேட்டில் இரண்டு மணி நேரம் மிதித்தால் உடம்பில் சேர்த்துவைத்த மாவுச்சத்தைத் தீர்த்துவிடுவார். அதன்பின் கண் இருட்டும், கால் கனக்கும், எந்தக் கடையின் எண்ணெய் வாசனையும் அரைக் கிலோமீட்டருக்கு முன்பே எட்டும். தராசு முள்ளைவிட நுட்பமான நிலை அது. தனியாகப் போவதும் அவசியம். கூட ஒருவர் வந்தால் “இன்னும் பத்து கிலோமீட்டர் போய்ச் சாப்பிடலாம்” என்பார். ஆய்வு அங்கேயே கெட்டது. தனியாகப் போகிறவருக்கு வண்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. அதனால் அவர் கடைக்குள் போகாமல் வாசல் பெஞ்சிலேயே உட்காருவார். வாசல் பெஞ்சுக்குப் பக்கத்தில்தான் எண்ணெய்ச் சட்டி இருக்கும்.

இத்துறையின் முன்னோடிகள் யாரும் இப்பொருளைத் தொடவில்லை. 1884இல் சான்பிரான்சிஸ்கோவில் புறப்பட்டு, முன்சக்கரம் பெரிதான சைக்கிளில் உலகைச் சுற்றிய தாமஸ் ஸ்டீவன்ஸ் இந்தியாவுக்கும் வந்தார். ஆனால் லாகூரிலிருந்து கல்கத்தாவுக்குப் பெருவழிச் சாலையில் போய்விட்டார். எல்லையிலுள்ள வாளையாறு பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. 1923இல் பம்பாயிலிருந்து உலகைச் சுற்றக் கிளம்பிய பார்சி இளைஞர்கள் கூட்டமாகப் போனார்கள். முறையியல்படி அது செல்லாது.

ஆய்வுக்களம் குறித்து ஒரு சொல். பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொடாத மாவட்டங்கள். சைக்கிளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகத் தோதான வழி தமிழ்நாட்டுக்குள் இருக்கிறது: பாலக்காடு, கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர், மூணாறு. அங்கிருந்து பூப்பாறை வழியாகப் போடிமெட்டில் இறங்கிப் போடி, தேனி, கம்பம் பார்த்து, மறுபடி மலையேறினால் குமுளி. ஒரே பாதை எல்லையை நான்கு இடங்களில் வெட்டுகிறது. இப்படியொரு ஆய்வுக்கூடத்தை எந்தப் பல்கலைக்கழகமும் கட்டிக்கொடுக்காது.

முதல் வெட்டுமுனை கோபாலபுரம். அதற்கு முன்பே ஒரு சிக்கல். பொள்ளாச்சிச் சாலையில் எலப்புள்ளியை ஒட்டிய ராமசேரியில், மண்பானை வாயில் நூல் வலை கட்டி, துணி விரித்து, விறகடுப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வேகவைக்கும் தட்டையான இட்லி கிடைக்கிறது. அதைச் சுடும் முதலியார் குடும்பங்கள் தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். அந்த இட்லியைத் தின்றுவிட்டுக் கிளம்பினால் கோபாலபுரம்வரை பசிக்காது. பசி இல்லையேல் தரவு இல்லை. போதாக்குறைக்குத் தென்மேற்குப் பருவக்காற்று. சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியாக அது கிழக்கே பாய்ந்து, உடுமலைக் காற்றாலைகளைச் சுழற்றப் போகும் வேகத்தில் சைக்கிளையும் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போகிறது. மிதிக்காமல் கடந்த தூரத்துக்குரிய பசியைக் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும். இதற்குக் ‘காற்றுத் திருத்தம்’ என்று பெயரிட்டிருக்கிறோம்.

கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் தமிழ் பேசுவோர் ஏராளம். அங்கே ஒரே கண்ணாடிப் பெட்டியில் மேல்தட்டில் பஜ்ஜியும் கீழ்த்தட்டில் பழம்பொரியும் இருக்கக் கண்டோம். எது அதிகம் போகும் என்று கடைக்காரரிடம் கேட்டதற்கு, “எது சூடா இருக்குதோ அதுதானுங்க போகும்” என்றார். இந்த விடை எங்கள் கருதுகோளை முழுதாகக் கவிழ்த்துவிடும் என்பதால் இதை ஆய்வின் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறோம். கோபாலபுரம் தாண்டியதும் பழம் மறைந்து காய் மட்டும் நிற்கிறது. ஆக, இங்கே எல்லை கோடல்ல. சில கிலோமீட்டர் அகலமுள்ள பட்டை.

இதே ஊர்களில் கத்தி வைத்து அறுத்ததுபோல ஓர் எல்லையும் உண்டு: கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. இந்தப் பக்கத்துப் பாலக்காட்டுச் சித்தூர் வட்டமோ கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் இறக்கி அனுப்பும் இடம். ஆகவே கள்ளுக்கடை எல்லைக்கு மேற்கே மட்டும்தான். எல்லையை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் கருவியை ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்டால், ஆய்வாளர் மறுபடி சைக்கிள் ஏற வேண்டியிருந்தது.

இரண்டாம் வெட்டுமுனை சின்னாறு. உடுமலையிலிருந்து தெற்கே போனால் ஒன்பதாறு சோதனைச்சாவடியோடு கடைகள் நின்றுவிடும். அதற்கப்பால் ஆனைமலைப் புலிகள் காப்பகம், பிறகு சின்னாறு சரணாலயம். மழை மறைவுப் பகுதி. முள்ளும் வெக்கையும் யானையும் உண்டு, பஜ்ஜி இல்லை. பொழுது சாய்ந்தபின் இந்தச் சாலையில் சைக்கிளோடு போகும் எண்ணமே வேண்டாம். சின்னாற்றிலிருந்து மறையூர் 16 கிலோமீட்டர், முழுக்க ஏற்றம். மறையூர் போய்ச் சேர்ந்தபோது ஆய்வாளர் பஜ்ஜி, பழம்பொரி இரண்டையும் பிரித்தறியும் நிலையில் இல்லை. சந்தனத்துக்கும், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற வெல்லத்துக்கும் பேர்போன ஊர் அது. கொப்பரையில் கரும்புச் சாறு கொதிக்கும் ஆலைக் கொட்டகை ஒன்றில் கையில் வைத்த சூட்டு வெல்லம், பசியை ஆற்றிய கையோடு அன்றைய தரவையும் அழித்துவிட்டது.

மூணாற்றில் கருதுகோள் ஆட்டங்காண்கிறது. வரைபடத்தின்படி கேரளத்துக்குள் நெடுந்தூரம் வந்தாயிற்று. கடைத்தெருவில் பழம் முந்தியிருக்க வேண்டும். முந்தியிருப்பது பஜ்ஜிதான். தேயிலைத் தோட்டங்களுக்கு 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து ஆள்பிடித்துக் கொண்டுவரப்பட்ட தமிழர்கள் காயைக் காயாகவே வைத்துக்கொண்டார்கள். அடிமாலிப் பக்கம் இறங்கினால்தான் பழம் தலைதூக்குகிறது. ஆக இந்த இடத்தில் பஜ்ஜி எல்லை, மாநில எல்லைக்கு நன்றாக மேற்கே தள்ளி ஓடுகிறது.

இங்கே மாநில மறுசீரமைப்பு ஆணையத்தின் மீது ஒரு விமர்சனத்தைப் பணிவோடு வைக்க வேண்டியிருக்கிறது. பசல் அலி, குன்ஸ்ரு, கே. எம். பணிக்கர் மூவரும் 1955இல் அறிக்கை கொடுத்தார்கள். 1956 நவம்பர் 1 அன்று மூணாறு அடங்கிய தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. “குளமாவது மேடாவது, எல்லாம் இந்தியாவில்தானே இருக்கிறது” என்று காமராசர் சொன்னதாகத் தமிழ்நாட்டில் இன்றும் ஒரு பேச்சு உண்டு. மொழியைப் பார்த்தார்கள், மலையைப் பார்த்தார்கள், நிர்வாக வசதியைப் பார்த்தார்கள். வாழையைப் பார்க்கவில்லை. விளைவு: கேரளத்து மூணாற்றில் காய்; தமிழ்நாட்டு நாகர்கோவிலிலோ இன்றும் டீயோடு ஏத்தன்பழத்தை, அதாவது நேந்திரத்தை, பொரித்துத் தருகிறார்கள்.

மூன்றாம் முனையான போடிமெட்டில் கிடைத்ததே இவ்வாய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு. விடிந்தும் விடியாமலும் போடியிலிருந்து ஜீப்புகள் கொண்டை ஊசி வளைவுகளில் முக்கி முனகி ஏறுகின்றன. உள்ளே ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள், நெருக்கியடித்துக்கொண்டு, மடியில் தூக்குவாளியோடு. கம்பம்மெட்டிலும் குமுளியிலும் இதே காட்சிதான். தூக்குவாளியில் இருப்பது தேனி மாவட்டத்துச் சோறும் குழம்பும். மதியம் அது திறக்கப்படுவது இடுக்கி மாவட்டத்து ஏலச்செடி நிழலில். சாயங்காலம் ஜீப் இறங்கும்போது காலி வாளியும் இறங்குகிறது. அதாவது உணவின்படி பார்த்தால் மாநில எல்லை தினமும் காலையில் மலையேறி, பொழுது சாய இறங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. இவ்வளவு ஒழுங்காக நகரும் எல்லையைக் கல் நட்டு நிறுத்த நினைத்தது நில அளவைக்காரர்களின் பேராசை. சைக்கிளில் எதிரே வந்த ஆய்வாளரைப் பார்த்து ஒரு ஜீப்பிலிருந்து ஓர் அம்மா, “ஏம்ப்பா, ஒத்தையிலயா வர்ற? வேற வேல இல்லயா?” என்று கேட்டார். ஆய்வுத் தலைப்பைச் சொல்ல அவகாசம் கிடைக்கவில்லை.

குமுளியில் நாலு எட்டில் மாநிலம் மாறுகிறது. இந்தப் பக்கம் கம்பம் பேருந்துகள், அந்தப் பக்கம் கேரளப் பேருந்துகள். நடுவே சிப்ஸ் பொரிக்கும் சட்டிகள். பஜ்ஜி பழம்பொரியாக மாறும் தூரம் நான்கு முனைகளிலும் இங்கேதான் மிகக் குறைவு. தண்ணீர்கூட நிறம் மாறுகிறது: அந்தப் பக்கக் கடைகளில் பதிமுகக் கட்டை போட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்புத் தண்ணீர், ஆவி பறக்க வரும். மலையேறி வியர்த்து வருகிறவருக்கு வெந்நீர் தருவது ஆரோக்கியம் என்று கேரளம் நம்புகிறது. வாதாடத் தெம்பில்லாத நேரத்தில் ஆய்வாளர் அதைக் குடித்தார்.

கருதுகோள் உறுதியாகிவிட்டது என்று குறிப்பேட்டை மூடும் நேரத்தில்தான் பழம்பொரியின் பூர்வீகத்தை விசாரிக்கத் தோன்றியது. பெரியாற்றுத் தண்ணீர் 1895 முதல் தேக்கடியிலிருந்து சுரங்கம் வழியாகக் கிழக்கே இறங்கிக் கம்பம் பள்ளத்தாக்குக்குப் பாய்கிறது. அந்தத் தண்ணீரில் விளையும் வாழை கேரளத்துச் சந்தைக்கு மலையேறுகிறது. பொரிக்கும் தேங்காயெண்ணெயோ காங்கேயத்து ஆலைகளிலிருந்தும் கேரளத்துக்குப் போகிறது. கேரளத்து மழை, தமிழ்நாட்டு மண், தமிழ்நாட்டு எண்ணெய், கேரளத்து அடுப்பு. எல்லையைக் காட்டும் சான்று என்று நாங்கள் நம்பிய பண்டத்துக்குள்ளேயே எல்லை இரண்டு தடவை குறுக்கும் நெடுக்குமாகப் போய்வந்திருக்கிறது. ஆனாலும் கருதுகோளைக் கைவிடுவதாக இல்லை. நான்கு எல்லைகளைக் கடக்க மிதித்த மிதிக்கு அது அவமரியாதை.

செங்கோட்டை–ஆரியங்காவு சாலை இன்னும் அளக்கப்படாமல் கிடக்கிறது. செங்கோட்டையும் 1956இல் கைமாறிய ஊர்தான் என்பதால் அங்கே காயா பழமா என்பது அவசரக் கேள்வி. விருப்பமுள்ளவர்கள் டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டு, காலைச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, தனியாகக் கிளம்பலாம். பஜ்ஜிக்கும் பழம்பொரிக்கும் அவரவரே காசு கொடுத்துக்கொள்ள வேண்டும்.