தூங்குவதுபோல் நடிக்கும் லேப்டாப்

லினக்ஸ் போட்ட லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்தால், ஊர் போய்ச் சேர்வதற்குள் அது தோசைக்கல்லாகக் காய்ந்து, பேட்டரியையும் தின்று தீர்த்திருக்கும் என்பது நெடுநாள் புகார். உடனே தீர்ப்பும் வந்துவிடும்: “லினக்ஸ்னாலே இப்படித்தான்.” அடுத்தது வைத்தியம். முன்பின் தெரியாத ஒருவர், வேறொரு லேப்டாப்பின் வேறொரு நோய்க்கு எழுதிய கட்டளையைத் தேடிப்பிடித்து, நம் டெர்மினலில் ஒட்டி, பயபக்தியுடன் என்டர் தட்டுவது. பக்கத்து வீட்டுக்காரரின் மருந்துச்சீட்டை வாங்கி விழுங்க யோசிக்கிறவர்கள்கூட இதற்கு யோசிப்பதில்லை. தூக்கத்தைக் கெடுத்தவன் யார் என்று அந்த இயந்திரமே வாக்குமூலம் தரத் தயாராக இருக்கிறது. அதைக் கேட்காமல் லினக்ஸைக் கூண்டில் ஏற்றுவதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன்.

கணினியின் தூக்கத்துக்கும் சட்டதிட்டம் உண்டு. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூவரும் சேர்ந்து 1996 டிசம்பரில் வெளியிட்ட ஏசிபிஐ என்ற விதிமுறை அது. அதில் எஸ்3 என்ற நிலைதான் உண்மையான உறக்கம்: நினைவகத்துக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம், மற்றதெல்லாம் கிட்டத்தட்ட அடக்கம். பிறகு லேப்டாப்புக்கு செல்பேசியாகும் ஆசை வந்தது. மூடிக் கிடக்கும்போதும் மின்னஞ்சல் வரவேண்டும், திறந்த கணத்தில் திரை எரியவேண்டும். 2012இல் விண்டோஸ் 8 இந்த வழியைத் தொடங்கிவைத்தது. அதைப் பின்பற்றிய பல தயாரிப்பாளர்கள் எஸ்3ஐயே எடுத்துவிட்டார்கள். அந்த லேப்டாப்புகளில் லினக்ஸுக்கு மிஞ்சியது எஸ்2ஐடில் என்ற அரைத்தூக்கம். தூங்குவதுபோல் நடிக்கிறவனை எழுப்ப முடியாது என்பார்கள். இந்த நடிகன் நேர்மாறு: தொட்டால் எழுந்துவிடுவான், நடித்த நேரத்துக்கும் கூலியாகப் பேட்டரியைக் குடிப்பான். வைஃபையோ எஸ்எஸ்டியோ ஒன்றே ஒன்று அடங்க மறுத்தாலும் போதும், பிராசஸர் ஆழ்ந்த நிலைக்கு இறங்காது.

“அதே லேப்டாப் விண்டோஸில் ஒழுங்காகத் தூங்குகிறதே?” என்று கேட்பார்கள். தூங்கட்டும். அங்கே தூங்குகிறதா என்று பார்த்துத்தானே தொழிற்சாலையிலிருந்து அனுப்புகிறார்கள்! ஃபர்ம்வேர் தன்மேல் ஓடும் இயங்குதளத்திடம், “நீ விண்டோஸின் இந்தப் பதிப்பை அறிந்தவனா?” என்று விசாரிக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. லினக்ஸ் கெர்னல் கூசாமல் “ஆமாம்” என்கிறது. “நீ லினக்ஸா?” என்று கேட்டால், “இல்லை” என்கிறது. இப்படிப் பெற்ற பேரையே மறுப்பதற்குக் காரணம் பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை, பட்டறிவு. விண்டோஸுக்கான பாதையைத்தான் தயாரிப்பாளர் சோதித்திருப்பார். மற்ற பாதையில் எந்தக் குழி எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. தவிர, பைக்குள் சூடேறும் புகார் விண்டோஸ்காரர்களிடமும் இருக்கிறது. அவர்கள் திட்டுவதற்கு லினக்ஸ் கிடைப்பதில்லை, அவ்வளவுதான்.

இனி வாக்குமூலம். சிஸ் அடைவுக்குள் பவர், அதற்குள் மெம்_ஸ்லீப் என்ற கோப்பைத் திறந்தால் ஒரே வரி இருக்கும். எஸ்2ஐடில், டீப் இரண்டில் எதைச் சுற்றிச் சதுர அடைப்புக்குறி நிற்கிறதோ, அதுதான் நடப்பிலுள்ள தூக்கம். டீப் என்ற சொல்லே அங்கே இல்லையென்றால் எஸ்3 கிடைக்காது. அதற்காக இரவெல்லாம் கட்டளை தேடுவது வீண். ப்ராக் அடைவின் ஏசிபிஐக்குள் இருக்கும் வேக்கப் கோப்பு, யார் யாருக்கு எழுப்பும் உரிமை இருக்கிறது என்று பெயர்ப்பட்டியலே தரும். யூஎஸ்பிக்கு அந்த உரிமை இருந்தால், மேசையில் பூனை தட்டிவிட்ட மவுஸ்கூட லேப்டாப்பை எழுப்பிவிடும். தூங்கப்போனது எழுந்திருக்காமலே உறைந்துவிட்டால், அதற்கும் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2006இல் ஒரு வழி எழுதினார். பிஎம்_ட்ரேஸ் என்று பெயர். மறுதொடக்கத்திலும் அழியாத இடமாகக் கடிகாரச் சில்லு ஒன்றுதான் நம்பகமாகக் கிடைப்பதால், கடைசியாகத் தொட்ட சாதனத்தின் அடையாளத்தைக் கெர்னல் தேதியாகவும் நேரமாகவும் மாற்றி அந்தச் சில்லில் எழுதிவைக்கும். கடிகாரம் ஓடி அதை அழிப்பதற்கு முன், சுமார் 3 நிமிடத்துக்குள் மறுபடி இயக்கிவிட்டால் துப்பு கிடைக்கும். கூடவே லேப்டாப் வேறேதோ யுகத்தில் கண்விழித்திருக்கும். குற்றவாளி பிடிபட்டான் என்றால் நாள்காட்டி கெட்டது பெரிய இழப்பில்லை.

“காசு கொடுத்து வாங்கியவன் இதையெல்லாம் ஏன் செய்யவேண்டும்?” என்பது நியாயமான கேள்வி. செய்யத் தேவையே இருக்கக்கூடாதுதான். அதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். லினக்ஸ் போட்டே விற்கும் லேப்டாப்புகள் இருக்கின்றன. தொந்தரவே வேண்டாம் என்பவர் அதை வாங்குவது உத்தமம். வேறு லேப்டாப்பை வாங்கி லினக்ஸைக் குடியேற்றியவர், குறைந்தது மின்சேமிப்பு மென்பொருள்களான டிஎல்பியையும் பவர் ப்ரொஃபைல்ஸ் டீமனையும் ஒன்றாக ஓடவிடாமலாவது இருக்கலாம். ஒன்று போடும் உத்தரவை மற்றது மாற்றும். நடுவில் பேட்டரிதான் கரையும். இரண்டில் ஒன்றை நீக்குங்கள். அப்புறமும் சார்ஜ் நிற்கவில்லையென்றால், பவர்_சப்ளை அடைவில் பேட்டரியின் இன்றைய முழுக் கொள்ளளவையும், அது பிறந்தபோது இருந்த கொள்ளளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் எண் இரண்டாவதில் பாதிகூட இல்லையென்றால் எந்தக் கட்டளையும் உதவாது. புது பேட்டரி வாங்குங்கள்.